செப்பேட்டில் வாழும் பாடல்கள்
(அன்னமாச்சாரியார் வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரம் வரையறுக்கிறது. திருத்தணி, நகரி, புத்தூர், வடமாலபேட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலை, அந்தப் பழைய எல்லையை நோக்கிச் செல்லும் வழியாகும். இரு மொழிகள் கைகோத்து நிற்கும் இந்நிலத்தில் தமிழில் ஆழ்வார்கள் பாடினர்; அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் தெலுங்கில் அன்னமாச்சாரியார் பாடினார். அவர் பாடிய பாடல்கள் எவ்வாறு எழுதப்பட்டன, எவ்வாறு மறைந்தன, எவ்வாறு மீண்டன என்பதை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

திருப்பதியிலிருந்து கடப்பைக்குச் செல்லும் வழியில், இராஜம்பேட்டைக்கு அருகில் தாள்ளபாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1408ஆம் ஆண்டு நாராயண சூரி, இலக்கமாம்பா இணையருக்கு மகனாகப் பிறந்தவர் அன்னமாச்சாரியார். மக்கள் அவரை அன்னமய்யா என்றும் அன்போடு அழைப்பர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, அவருடைய பேரர் சின்னன்னா இயற்றிய செய்யுள் வரலாற்றிலிருந்து கிடைத்தவை.

அன்னமாச்சாரியார் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தார். சிறு வயதிலேயே அவருக்குப் பாட்டில் நாட்டம் மிகுந்திருந்தது. வீட்டு வேலைகளில் மனம் செல்லவில்லை. ஒருநாள், பாடிக்கொண்டே பொழுதைப் போக்குவதாக வீட்டார் கடிந்துகொண்டு, மாட்டுக்குப் புல் அறுத்துவருமாறு அனுப்பினர். புல் அறுக்கும்போது அரிவாள் பட்டு அவருடைய சுண்டுவிரல் அறுபட்டது. வலியோடு நின்ற சிறுவன், அவ்வழியே பாடிக்கொண்டு திருமலைக்குச் சென்ற அடியார் கூட்டத்தைக் கண்டான். வீட்டுக்குத் திரும்பாமல் அவர்களோடு நடந்துவிட்டான். இவ்வாறு சின்னன்னாவின் நூல் கூறுகிறது.

திருமலையில் அவர் வைணவ நெறியை மேற்கொண்டார். பின்னர் அகோபிலத்தில் சடகோப யதி என்பவரிடம் சமய நூல்களைப் பயின்றார். அவ்வைணவக் கல்வியில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. ஆகவே, ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களின் சாயல் அவருடைய தெலுங்குப் பாடல்களில் படிந்திருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

நாள்தோறும் ஒரு பாடல்

அன்னமாச்சாரியார் இயற்றிய பாடல்களுக்குச் சங்கீர்த்தனம் என்று பெயர். முதலில் ஒரு பல்லவி, அதனைத் தொடர்ந்து பெரும்பாலும் மூன்று சரணங்கள் என்பது அவற்றின் அமைப்பு. அவர் தமது பதினாறாம் வயதில், 1424ஆம் ஆண்டில் பாடத் தொடங்கினார். 1503ஆம் ஆண்டில் மறையும்வரை பாடினார். இவ்விரு காலக் குறிப்புகளும் அவருடைய பாடல்கள் பொறிக்கப்பட்ட செப்பேட்டிலேயே இடம்பெற்றுள்ளன.

அவர் பாடியவை மொத்தம் 32,000 என்று சின்னன்னா குறிப்பிடுகிறார். ஏறத்தாழ 79 ஆண்டுகளில் 32,000 பாடல்கள் என்றால், ஆண்டுக்கு நானூறுக்கும் மேல் ஆகும். நாளொன்றுக்கு ஒரு பாடலேனும் பாடுவது என்ற உறுதியை அவர் மேற்கொண்டிருந்தார் என்னும் மரபுச் செய்தி இக்கணக்கோடு பொருந்துகிறது.

அவருடைய பாடல்களின் மொழி எளியது. புலவர்க்கு மட்டும் விளங்கும் கடுநடையை அவர் விரும்பவில்லை. தாலாட்டு, ஊஞ்சற்பாட்டு, உலக்கைப் பாட்டு முதலிய மக்கள் பாடல்களின் வடிவங்களை எடுத்துக்கொண்டார். குலத்தால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை வெளிப்படையாகப் பாடினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு பாடுவதற்குத் துணிவு வேண்டும்.

அரசரும் புலவரும்

அத்துணிவு ஒருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. தாள்ளபாக்கத்துக்கு அண்மையில் உள்ள தங்குட்டூரில் சாளுவ நரசிம்மர் என்னும் தலைவர் ஆட்சி செய்துவந்தார். பிற்காலத்தில் விசயநகரப் பேரரசின் அரியணையில் அமர்ந்தவர் இவரே. அவர் அன்னமாச்சாரியாரை நண்பராகப் போற்றித் தம் அவைக்கு அழைத்துச் சிறப்புச் செய்தார்.

ஒருநாள் அவையில் புலவர் பாடிய பாடலைக் கேட்டு அரசர் பெரிதும் மகிழ்ந்தார். திருவேங்கடமுடையான்மீது பாடியது போலவே தம்மீதும் ஒரு பாடல் பாடுமாறு வேண்டினார். அன்னமாச்சாரியார் செவிகளைப் பொத்திக்கொண்டு மறுத்துவிட்டார். இறைவனைப் பாடும் நாவால் மனிதரைப் பாடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. சினங்கொண்ட அரசர் அவரை விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார். புலவர் சிறையிலும் பாடினார். விலங்கு தானே கழன்றது என்றும், அரசர் தம் பிழையை உணர்ந்து வருந்தினார் என்றும் சின்னன்னாவின் நூல் கூறுகிறது. அதன்பின் அன்னமாச்சாரியார் அரசவையை விட்டுத் திருமலைக்கே திரும்பினார்.

விலங்கு கழன்ற செய்தியை மரபுக் கதை எனக் கொள்ளலாம். ஆயினும், செல்வமும் அரசரின் நட்பும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தபோது ஒரு புலவர் அவற்றைத் துறந்தார் என்பதே இதில் நாம் கருதத்தக்கது.

பாடும் குடும்பம்

அன்னமாச்சாரியாரின் குடும்பத்தினர் பலரும் புலமை மிக்கவர்கள். மனைவி திம்மக்கா, சுபத்ரா கல்யாணம் என்னும் நூலை இயற்றினார். தெலுங்கின் முதல் பெண் கவிஞராக அவர் மதிக்கப்படுகிறார். மகன் பெரிய திருமலாச்சாரியாரும் பேரர் சின்னத் திருமலாச்சாரியாரும் சங்கீர்த்தனங்கள் இயற்றினர். வரலாறு எழுதிய சின்னன்னாவும் பேரர்களுள் ஒருவரே.

இத்தனை புலவர்கள் இருந்தும் இழப்பைத் தவிர்க்க இயலவில்லை. அன்னமாச்சாரியார் பன்னிரண்டு சதகங்கள் இயற்றினார் என்று சின்னன்னா எழுதியுள்ளார்; இன்று கிடைப்பது ஒன்றே. சங்கீர்த்தனங்களுக்கான இலக்கணத்தை அவர் வடமொழியில் எழுதினார், அந்நூலும் கிடைக்கவில்லை. சின்னத் திருமலாச்சாரியார் அதனைத் தெலுங்கில் பெயர்த்து எழுதியதால், மூலம் அழிந்தும் அதன் பொருள் பிழைத்தது.

ஓலையும் தோலும் செம்பும்

அக்காலத்தில் நம் நாட்டில் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டன. ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதுவர்; கீறல்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு மை பூசித் துடைப்பர். நன்கு பேணினால் ஓலை சில நூற்றாண்டுகள் நிலைக்கும். ஈரமும் கரையானும் பூச்சியும் தாக்கினால் விரைவில் அழியும். ஆகவே, பழுதடைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். ஒரு தலைமுறை படியெடுக்கத் தவறினால், அடுத்த தலைமுறைக்கு அந்நூல் இல்லை.

தமிழுக்கும் இவ்விழப்பு நேர்ந்தது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் அடைபட்டுக் கிடந்தன என்றும், இராசராச சோழர் அதனைத் திறக்கச் செய்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்றும் மரபு கூறுகிறது. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்தார்.

ஐரோப்பாவிலும் நூல்களைக் கையால் எழுதியே பெருக்கினர். அங்கே பனையோலை இல்லை. கன்று, ஆடு ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி மெல்லிய தாளாக்கினர். வாத்தின் இறகைக் கூராகச் சீவி, மையில் தோய்த்து எழுதினர். மடங்களில் துறவிகள் பகல் முழுதும் குனிந்து அமர்ந்து இப்பணியைச் செய்தனர். விவிலியம் போன்ற பெருநூலை ஒருவர் எழுதி முடிக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். குளிரால் விரல் விறைத்ததையும் கண் மங்கியதையும் சிலர் ஏட்டின் ஓரத்தில் குறித்துவைத்துள்ளனர்.

அன்னமாச்சாரியார் திருமலையில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1455ஆம் ஆண்டையொட்டி, செருமனியின் மைன்சு நகரில் குட்டன்பர்க் என்பவர் உலோக எழுத்துகளைக் கோத்து விவிலியத்தை அச்சிட்டார். ஒரே நூலின் படிகள் நூற்றுக்கும் மேலாக ஒருங்கே உருவாயின. ஆனால் அச்சுக்கலை நம் நாட்டுக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ் எழுத்துகளில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் கொல்லத்தில் அச்சானது 1578ஆம் ஆண்டில்தான்.

அச்சும் இல்லை, ஓலையும் நிலையாது. ஆயிரக்கணக்கான பாடல்களை எவ்வாறு காப்பது? பெரிய திருமலாச்சாரியார் செம்பைத் தேர்ந்தெடுத்தார்.

செம்பில் வெட்டிய எழுத்துகள்

நிலக்கொடை, வரிநீக்கம் முதலிய அரசாணைகளைச் செப்பேட்டில் பொறிப்பது தென்னாட்டின் பழைய வழக்கம். திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் கிடைத்த இராசேந்திர சோழரின் செப்பேடுகள் இதற்குச் சான்று. ஆனால் ஒரு புலவரின் பாடல்கள் அனைத்தையும் செம்பில் பொறிக்க முனைந்தது மிகவும் அரிய செயல். செம்பு விலை மிக்கது, வேலையும் கடினமானது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விசயநகர மன்னர்களின் காலத்தில், தாள்ளபாக்கக் குடும்பம் திருமலைக் கோயிலில் செல்வாக்குடன் விளங்கியது. அச்செல்வத்தின் பெரும்பகுதியைப் பெரிய திருமலாச்சாரியார் தம் தந்தையின் பாடல்களுக்காகச் செலவிட்டார்.

செம்பைத் தகடாக அடித்து, சமமாக்கி, அதன்மேல் உளியால் ஒவ்வோர் எழுத்தாக வெட்ட வேண்டும். ஓலையில் எழுத்தாணி வழுக்கிச் செல்வதுபோல் செம்பில் உளி செல்லாது. தெலுங்கின் வளைந்த எழுத்துகளைக் கடிய உலோகத்தில் வெட்டுவதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். ஓலையில் தவறினால் வேறோர் ஓலையை எடுக்கலாம்; செம்பில் வெட்டிய பிழையை எளிதில் மாற்ற இயலாது.

பொதுவாக ஒரு தகட்டின் இரு புறத்திலுமாக ஆறு பாடல்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் குறிக்கப்பட்டது. இவ்வாறு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் உருவாயின. அவற்றை வைப்பதற்கெனத் திருமலைக் கோயிலினுள், உண்டியலுக்கு எதிரில், கல்லால் ஆன சிறிய அறை ஒன்று அமைந்தது. அதற்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். அதன் இருபுறமும் தம்பூரா ஏந்திய இருவரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை தந்தையும் மகனும் என்பர்.

சோழர் செப்பேடுகள் சிலவற்றின் இறுதியில் அவற்றை வெட்டியவர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அன்னமாச்சாரியாரின் பாடல்களைப் பாடுவோர் பலர். அவற்றை வெட்டிய கைகளை நினைப்போர் சிலரே.

மறைவும் மீட்பும்

1565ஆம் ஆண்டு நடைபெற்ற தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரப் பேரரசு தளர்ந்தது. தாள்ளபாக்கக் குடும்பத்தின் செல்வாக்கும் நாளடைவில் குறைந்தது. பாடுவோர் குறையவே, பாடல்களின் இசையும் மறைந்தது. சங்கீர்த்தன பண்டாரத்தை நினைவில் வைத்திருந்தோர் அருகினர்.

1816ஆம் ஆண்டில் காம்பெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி தெலுங்கு இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். திருமலையில் உள்ள செப்பேடுகளில் பழைய தெலுங்கு இலக்கணம் ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அத்தகடுகளுக்குப் படியெடுக்கச் செய்து பார்த்தார். இலக்கணம் கிடைக்கவில்லை, பாடல்களே கிடைத்தன. ஏமாற்றமடைந்த அவர், அதனைத் தம் நூலின் முன்னுரையில் குறித்துவிட்டு அமைந்தார். பெருஞ்செல்வம் கைக்கு வந்தும், தேடியது வேறாக இருந்ததால் அது போற்றப்படவில்லை. அப்பாடல்கள் மேலும் நூறாண்டுகள் இருளில் கிடந்தன.

1922ஆம் ஆண்டையொட்டித் தேவஸ்தானத்தின் கல்வெட்டு அறிஞரான சாது சுப்பிரமணிய சாஸ்திரி இச்செப்பேடுகளின் அருமையை உணர்ந்து, அவற்றை வெளிக்கொணர்ந்தார். கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்தவரும் அவரே. அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தகடுகள் கிடைத்தவுடன் பணி முடிந்துவிடவில்லை. பழைய எழுத்து வடிவங்களைப் படித்தறிந்து, தகட்டிலிருந்து தாளுக்கு மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்தது. செம்பில் வெட்டியோர் செய்த எழுத்துப் பிழைகளையும் கண்டறிய வேண்டியிருந்தது. 1930களில் பாடல்கள் அச்சேறத் தொடங்கின. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வேட்டூரி பிரபாகர சாஸ்திரி பின்னர் திருப்பதிக்கு வந்து இப்பணியில் ஈடுபட்டார். சின்னன்னாவின் நூலை விரிவான முன்னுரையுடன் 1949ஆம் ஆண்டில் பதிப்பித்தவரும் அவரே. அவருக்குப் பின் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பதிப்புப் பணியைத் தொடர்ந்தார்.

செப்பேட்டில் இராகப் பெயர் இருந்தது, இசைக்குறிப்பு இல்லை. எனவே சொற்கள் மீண்டும் கிடைத்தன. அன்னமாச்சாரியார் பாடிய மெட்டு கிடைக்கவில்லை. அனந்தகிருஷ்ண சர்மாவும் அவருக்குப் பின் வந்த இசை அறிஞர்களும் பாடல்களுக்குப் புதிதாக இசையமைத்தனர். 1978ஆம் ஆண்டில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியது. மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய இசைத்தட்டுகள் வழியாக அப்பாடல்கள் தமிழர் இல்லங்களிலும் ஒலித்தன.

எஞ்சியவை

இன்று அன்னமாச்சாரியாரின் பாடல்களில் ஏறத்தாழ 12,000 கிடைக்கின்றன. சின்னன்னா கூறும் கணக்கின்படி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. மற்றவை எங்கே போயின என்பதற்கு விடையில்லை.

கிடைத்தவை தாமாகக் கிடைக்கவில்லை. தந்தையின் பாடலைப் பொருட்செல்வத்தினும் மேலாகக் கருதிய மகன், உளி பிடித்த தொழிலாளர், நானூறு ஆண்டுகள் காத்த கல்லறை, பழைய எழுத்தைக் கண் வருந்தப் படித்த அறிஞர், புதிய மெட்டமைத்த இசைவாணர் எனப் பலரும் கைமாற்றிக் கொடுத்த பின்னரே அவை நம் செவிக்கு வந்துள்ளன. பிறந்த ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் இடத்தில் வாழும் குடும்பங்களிலும் இத்தகைய கைமாற்றம் நிகழ்கிறது. பாட்டி சொல்லும் தாலாட்டும் விடுகதையும் பழமொழியும் ஒருவர் எழுதிவைத்தால் ஏடாகும். எழுதாமல் விட்டால் அவரோடு மறையும்.

தாள்ளபாக்கத்துக்கு அருகில் நெடுஞ்சாலையோரம் அன்னமாச்சாரியாருக்கு 108 அடி உயரச் சிலை நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கும் அது தெரியும். அவருடைய புகழைக் காத்ததோ, ஒரு சிறிய கல்லறையின் இருளில் அடுக்கிவைக்கப்பட்டிருந்த செப்புத் தகடுகள்.

சொல் – பொருள்

பாயிரம் – நூலின் முகவுரை
சதகம் – நூறு பாடல்கள் கொண்ட நூல்
படியெடுத்தல் – ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுதல்
பண்டாரம் – பொருள்களைச் சேமித்துவைக்கும் அறை
கல்லறை – இப்பாடத்தில், கல்லால் கட்டப்பட்ட அறை
அருகினர் – குறைந்தனர்
அமைந்தார் – மேலும் முயலாது நிறுத்திக்கொண்டார்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அன்னமாச்சாரியார் பிறந்த ஊர் எது?
2. சாளுவ நரசிம்மரின் வேண்டுகோளை அன்னமாச்சாரியார் ஏன் மறுத்தார்?
3. சங்கீர்த்தன இலக்கணத்தின் மூலநூல் அழிந்தும் அதன் பொருள் பிழைத்தது எவ்வாறு?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. பனையோலை, தோல், செம்பு ஆகிய மூன்றில் எழுதும் முறைகளை ஒப்பிடுக.
2. காம்பெல் செப்பேடுகளைக் கண்டும் அவற்றைப் போற்றாமல் விட்டதற்குக் காரணம் என்ன?

இ. சிந்தித்து எழுதுக.
பாடலின் சொற்கள் கிடைத்து மெட்டு கிடைக்காமற்போனால், அப்பாடல் முழுமையாக மீட்கப்பட்டது எனலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செயல்பாடு
உம் பாட்டி, தாத்தா அல்லது வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு அல்லது நாட்டுப்புறப் பாடல் ஒன்றைக் கேட்டு, அவர் சொல்லும் வண்ணமே பிழையின்றி எழுதுக. கீழே அவருடைய பெயரையும், ஊரையும், எழுதிய நாளையும், படியெடுத்தவர் என்று உம் பெயரையும் குறிப்பிடுக.